அடிக்கோடிட்ட ஒன்றரை மீட்டர்

இருபத்து மூன்று வருடமாக என் வேலை, மற்றவர்கள் செய்ததில் குற்றம் கண்டுபிடிப்பது. ஹெப்பாளில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் இன்ஸ்பெக்டர். டிராயிங்கில் போட்டிருக்கும் அளவில் சாமான் வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். வந்திருந்தால் முத்திரை குத்துவேன், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவேன். திருப்பி அனுப்புவதில் எனக்கு ஒரு தனி ருசி என்று அங்கே பேசிக்கொள்வார்கள். பொய்யில்லை.

வீட்டிலும் அப்படித்தான். மண்டி மொஹல்லாவில் எங்கள் வீட்டுக்குக் கதவு செய்து கொண்டுவந்த ஆசாரி, நான் ஸ்டீல் ஸ்கேலோடு வாசலில் நின்றதைப் பார்த்து, ஆட்டோவிலிருந்து இறக்காமலே திரும்பிப் போனார். அந்தக் கதையை என் வீட்டுக்காரர் இன்னும் விருந்தாளிகளுக்குச் சொல்கிறார். அவர் சாமராஜநகரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். தினமும் பஸ்ஸில் போய்வந்து களைத்துப் போவதால், நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிடுவார்.

தலையாட்டாதவள் என் மகள்தான். இருபத்து நான்கு வயது. அவளும் ஹெப்பாளில்தான் வேலை, ஐ.டி. வளாகத்தில். சனி ஞாயிறு வந்தால், ஊருக்கு வெளியே அணைக்கட்டின் நீர்த்தேக்கத்தில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொள்ளப் போய்விடுவாள். பிறகு அவ்வப்போது லீவு போட்டுக் கடற்கரைக்குப் போய் அங்கேயும் இரண்டு வருடம் பயிற்சி எடுத்தாள். நான் ஹனூர் பக்கம் ராகிக் காட்டில் வளர்ந்தவள். கடலை அதுவரை இரண்டு முறைதான் பார்த்திருந்தேன், இரண்டு முறையும் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கவில்லை.

போன டிசம்பரில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

"அம்மா, ஜனவரியில நாங்க மூணு பேரு கடல்ல போறோம். ஒரே நாள்தான். வெடியறப்பக் கெளம்பினா சாயங்காலம் சேந்துருவோம்."

"எங்க போய்ச் சேருவீங்க?"

"முப்பத்தஞ்சு கடல் மைல் வடக்க. இன்னொரு துறைமுகம்."

"யாரு ஓட்டறது?"

"நான்தாம்மா."

கூட வருவது அவளுடைய இரண்டு தோழிகள். படகு, பயிற்சி கொடுத்த கிளப்புடையது. கிளப்புக்கு ஒரு நிபந்தனை இருந்தது. பயணத் திட்டத்தை முழுக்க எழுதிக் காட்ட வேண்டும். கரையில் இருக்கும் ஒருவர் அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பயணம் நடக்கும்போது குறித்த நேரத்துக்கு அவருக்குப் போன் போகும். போகாவிட்டால் அவர் மீட்புப் படைக்குத் தகவல் சொல்ல வேண்டும். அந்தக் கரை ஆளாக என்னை இருக்கச் சொன்னாள்.

"உங்கப்பனக் கேளு" என்றேன்.

"அப்பாவா? போன் வர்லேன்னா டவர் இல்ல போலன்னு தூங்கிருவாரு. நீன்னா பத்து நிமிஷத்துல ஊரையே எழுப்பிருவே."

"அது வாஸ்தவம்" என்றார் அவர், தட்டிலிருந்து தலை நிமிராமல்.

ஒரே பெண். போகாதே என்றால் கேட்க மாட்டாள், வேறு யாரையாவது கையெழுத்துப் போட வைத்துவிட்டுப் போவாள். அதனால் சரி என்றேன். ஆனால் சரிபார்க்காமல் நான் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை என்றும், ஒரு குற்றம் கண்டுபிடித்தாலும் திருப்பி அனுப்புவேன் என்றும் சொன்னேன். மனதுக்குள் நான் போட்ட கணக்கு வேறு. இருபது வயதுப் பிள்ளைகள் போடும் திட்டத்தில் ஒரு குற்றம் கூடவா இருக்காது? ஒன்றைக் கண்டுபிடித்துக் கதையை முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

கடல் வரைபடம் கூரியரில் வந்தது. எங்கள் சாப்பாட்டு மேஜையை விடப் பெரிய தாள். கரை மஞ்சளாக இருந்தது, ஆழம் குறைந்த கடல் நீலமாக, ஆழ்கடல் வெறும் வெள்ளையாக. கடல் முழுக்க எண்கள். இவ்வளவு எண்கள் இருக்கும் ஒரு பொருள் என்னை மீறிப் போய்விடாது என்று எனக்குத் தைரியம் வந்தது.

தாளோடு ஒரு குறியீட்டுப் புத்தகத்தையும் மகள் என்னிடம் நீட்டினாள். படத்தில் வரும் ஒவ்வோர் அடையாளத்துக்கும் பொருள் சொல்லும் புத்தகம்.

"இத மொதல்ல படிம்மா."

"டிராயிங் படிக்க நீ எனக்குச் சொல்லித்தர்றியா?" என்று வாங்கி அலமாரியில் வைத்தேன்.

இன்னொன்றும் செய்தேன். தொழிற்சாலையில் மூலப் பிரதியின் மேல் யாரும் பென்சில் வைக்கக் கூடாது. கிறுக்குவது, கணக்குப் போடுவது எல்லாம் நகலில்தான். அதே வழக்கப்படி, மண்டி மொஹல்லாவிலேயே கட்டட பிளான்களை நகல் எடுத்துக் கொடுக்கும் கடைக்குப் போய் அந்தப் பெரிய தாளை அப்படியே ஜெராக்ஸ் எடுத்துவந்தேன். கருப்பு வெள்ளையில். மூலப் பிரதியைச் சுருட்டிப் பீரோவுக்கு மேல் வைத்துவிட்டேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைப்பு.

மூன்று வாரம், வேலை முடிந்து வந்ததும் ஹாலில் ஜெராக்ஸை விரித்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் ஸ்டீல் ஸ்கேலை எடுத்துத் தூரத்தை அளக்கப் போனபோது மகள் சிரித்தாள். கடலில் தூரத்தை டிவைடரால் அளக்க வேண்டுமாம். படத்தின் பக்கவாட்டு ஓரத்தில் உள்ள கட்டங்களில் வைத்துப் பார்க்க வேண்டும்; அங்கே அட்சரேகையில் ஒரு நிமிடக் கட்டம் என்றால் ஒரு கடல் மைல். மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் அதே மாதிரிக் கட்டங்கள் இருக்கின்றன, ஆனால் அவற்றில் அளந்தால் தப்பாகிவிடும். இதை நான் ஒரு தரம் கேட்டுக்கொண்டேன், மறுபடி கேட்கவில்லை.

பிடித்துப்போனதும் உண்டு. படத்தில் போட்டிருக்கும் ஆழம், கடல் நன்றாக வற்றியிருக்கும்போது உள்ள ஆழம். கடல் ஏற்றம் வந்தால் அதற்கு மேல்தான் தண்ணீர் இருக்கும். இருப்பதில் மோசமான நிலைமையை எடுத்துக்கொண்டு அளந்து எழுதியிருக்கிறார்கள். இதை எழுதியவர்கள் என் ஜாதி ஆட்கள் என்று எனக்கு அவர்கள் மேல் மரியாதை வந்தது. பெரிய எண் மீட்டர், அதன் காலடியில் இருக்கும் குட்டி எண் பத்தில் ஒரு பங்கு. ஒன்றுக்குக் கீழே குட்டி ஐந்து இருந்தால் ஒன்றரை மீட்டர்.

எங்கள் படகின் அடிப்பாகம் தண்ணீருக்குள் ஒரு மீட்டர் இருபது இறங்கி நிற்கும். மூன்று மீட்டருக்குக் குறைந்த இடமெல்லாம் போகக் கூடாத இடம் என்று மகள் சிவப்புப் பென்சிலால் கோடு கோடாக அடித்திருந்தாள். அவை போக மிச்சமிருந்த கடலில் துறைமுகத்திலிருந்து துறைமுகம் வரை ஒரு பாதை. திரும்ப வேண்டிய இடங்களில் வட்டம். ஒவ்வொரு வட்டத்துக்கும் எத்தனை மணிக்கு வந்து சேர வேண்டும், அங்கிருந்து கரையில் என்ன கண்ணுக்குத் தெரியும், கலங்கரை விளக்கம் எந்தத் திசையில் இருக்கும் என்று எழுதியிருந்தாள்.

குற்றம் தேடினேன். பாதை, படத்தில் குறித்திருக்கும் மூழ்கிய கப்பல் பக்கம் போகிறதே என்றால், ஒன்றரை மைல் தள்ளித்தான் போகிறது என்று டிவைடரை வைத்துக் காட்டினாள். படம் அச்சடித்த பிறகு கடலில் எதுவும் மாறியிருந்தால் என்று கேட்டேன். திருத்த அறிவிப்புகளை வாரா வாரம் பார்த்துப் படத்தில் ஏற்றியிருந்தாள். மீன்வலை கட்டியிருந்தால் என்றேன். பகலில் மட்டும் போவது அதற்காகத்தானாம். ஒவ்வொரு பதிலுக்கும் எனக்குப் பெருமையும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன.

மூன்றாவது வாரம் பிடித்தேன். பாதையின் நடுவில் கரை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனை இருந்தது. அதைத் தாண்டிய பிறகு நான்கு மணி நேரத்துக்கு ஒதுங்க ஓர் இடமில்லை. காற்று கெட்டால் எங்கே போவார்கள்?

"நாலு மணி நேரம் நடுவுல ஒண்ணுமே இல்லியே" என்றேன்.

"ஜனவரியில காத்து அவ்ளோ கெடாதும்மா. பாத்துக்கலாம்."

பார்த்துக்கொள்ளலாம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தொழிற்சாலையில் கெட்டுப்போன சாமான் அத்தனைக்கும் பின்னால் யாரோ ஒருவர் அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பார். அப்போதே கையெழுத்துப் போட மாட்டேன் என்று தாளைச் சுருட்டியிருக்கலாம். நான் நினைத்த குற்றம் கையில் கிடைத்துவிட்டது. ஆனால் மூன்று வாரம் உட்கார்ந்து பார்த்ததில் என் புத்தி வேறு பக்கம் திரும்பியிருந்தது. குற்றத்தைக் காட்டி நிறுத்துவதை விட அதைச் சரிசெய்து கொடுப்பதில் எனக்கு ஆசை வந்துவிட்டது.

தேடினேன், கிடைத்தது. அந்த நான்கு மணி நேரத்தின் நடுவில் ஓர் ஆறு கடலில் சேரும் இடம். உள்ளே போய்விட்டால் ஐந்து மீட்டர் ஆழம், சுற்றிலும் குன்று, காற்று எட்டாது. ஆற்றின் வாய் மட்டும் குறுகல்; அங்கே ஒன்றரை என்று போட்டிருந்தது. அந்த எண்ணுக்குக் கீழே ஒரு சிறு கோடு.

எங்கள் டிராயிங்கில் ஓர் எண்ணுக்கு அடியில் கோடு போட்டிருந்தால், அந்த இடத்தில் படம் அளவுப்படி வரையப்படவில்லை, படத்தை நம்பாதே, எண்ணை நம்பு என்று பொருள். எந்தத் தொழிற்சாலையிலும் எந்த இன்ஸ்பெக்டரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். வாய் குறுகலாகத் தெரிவது படத்தின் கோளாறு, ஆழம் ஒன்றரை என்பது உறுதி என்று நான் எடுத்துக்கொண்டேன். வற்றியிருக்கும்போதே ஒன்றரை மீட்டர், படகுக்கு வேண்டியது ஒன்று இருபது. கடல் ஏறியிருக்கும்போது போனால் இன்னும் இரண்டு மீட்டர் மேலே கிடைக்கும், மகளின் மூன்று மீட்டர்க் கணக்கும் தேறிவிடும். கையில் பென்சிலை வைத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டேன்.

"இங்க பாரு கண்ணு. இது உனக்குத் தெரியவேயில்ல பாத்தியா. காத்து கெட்டா இதுக்குள்ள பூந்துக்கங்க. இத எழுதுனாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்."

அவள் குனிந்து அந்த இடத்தையே பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"ஆயித்தும்மா, சரி. சேத்துக்கறேன்."

மறுநாள் திட்டத்தை அச்செடுத்துக் கொண்டுவந்தாள். ஆற்று வாய் அதில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் திட்டமிட்டவர், சரிபார்த்தவர் என்று இரண்டு கட்டம் போட வேண்டும் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன், போட்டிருந்தாள். வியாழக்கிழமை மாலை சரிபார்த்தவர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். ஒரு பிரதி எனக்கு. படகுக்கு மூன்று பிரதி, ஆளுக்கு ஒன்றாக, பிளாஸ்டிக் உறையில்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணி பஸ்ஸில் மூன்று பேரும் கடற்கரைக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. சனிக்கிழமை விடிகாலையில் படகு. நான் வழக்கம்போல ஏழு மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். அலமாரியில் இருந்த குறியீட்டுப் புத்தகத்தை அன்றைக்குப் பையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். படிப்பதற்காக அல்ல. பஸ்ஸில் பக்கத்து ஸீட்டில் உட்காரும் பெண்மணி, மூழ்கிய கப்பலைப் படத்தில் எப்படிப் போடுவார்கள் என்று முந்தின நாள் ஆசையாகக் கேட்டிருந்தார். அவருக்குக் காட்டிப் பீற்றிக்கொள்ளத்தான்.

கப்பலைத் தேடிப் புரட்டும்போது அந்தப் பக்கம் வந்தது. ஓர் எண், அடியில் கோடு. பக்கத்தில் விளக்கப் படம்: கடல் மட்டத்துக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும் பாறை. அடிக்கோடிட்ட எண் ஆழம் அல்ல. கடல் வற்றும்போது அந்த இடம் தண்ணீருக்கு மேலே எவ்வளவு உயரம் தெரியும் என்பதன் அளவு. இப்படிப்பட்ட இடங்கள் படத்தில் பச்சையாக இருக்கும் என்று கீழே போட்டிருந்தது. என் ஜெராக்ஸில் பச்சை ஏது?

ஒன்றரை மீட்டர் தண்ணீர் என்று நான் சொன்ன இடத்தில் ஒன்றரை மீட்டர் பாறை நின்றுகொண்டிருந்தது. கடல் ஏறியிருக்கும்போதுகூட அதன் மேல் முழங்கால் அளவுத் தண்ணீர் இருந்தால் அதிகம். காற்று கெட்டு, பயந்து, ஒதுங்க இடம் தேடி வரும்போது என் பெண் நேராக அதன் மேல் படகை ஏற்றுவாள். அம்மா சரிபார்த்தது என்று நம்பி ஏற்றுவாள்.

அவளுக்குப் போன் போட்டேன்.

"கண்ணு, அந்த ஆத்து வாய அடிச்சுரு. அது தப்பு. அங்க பாறை இருக்குது. நான் தப்பாப் படிச்சுட்டேன்."

"சரிம்மா. அடிச்சர்றேன்."

"மூணு காப்பியிலயும்."

"ஹூம்மா. நீ டென்ஷன் ஆகாத."

வைத்துவிட்டாள். நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒதுங்கும் இடத்தில் பாறை இருக்கிறது என்று சொன்னால், எங்கே, எப்படி, உனக்கு எப்போது தெரிந்தது என்று யாரும் கேட்பார்கள். இவள் எதையுமே கேட்கவில்லை. அது போக, எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. டிராயிங்கில் திருத்தம் வந்தால் போனில் சொன்னது கணக்கில் வராது. பழைய பிரதிகள் எத்தனை வெளியே இருக்கின்றனவோ அத்தனையையும் கையில் திரும்ப வாங்கி, அடித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு பழைய பிரதி எங்காவது தங்கிவிட்டாலும் போதும், கெட்ட சாமான் அதிலிருந்துதான் வரும்.

டிரைவரிடம் போய் நிறுத்தச் சொன்னேன். கம்பெனி பஸ் நடுவழியில் நிற்காது என்றார். நானும் இத்தனை வருடத்தில் நிறுத்தச் சொன்னதில்லை என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓரம் கட்டினார். ஆட்டோ பிடித்து, வெளியூர் பஸ்கள் கிளம்பும் சப்அர்பன் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்போது மணி எட்டு இருபது. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஆட்டோக்காரரின் முதுகை முறைத்துக்கொண்டு வந்தேன், அவர் என்ன செய்வார் பாவம்.

மூன்று பேரும் பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். நான் படியில் ஏறியதும் மகள் எழுந்து நின்றாள்.

"ஐயோ, என்னம்மா இது? சொன்னேனில்ல அடிச்சர்றேன்னு."

"காப்பிய எடு. மூணும்."

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். தோழிகள் தங்களுடையதையும் நீட்டினார்கள். பார்த்தேன். மூன்றிலும் ஆற்று வாய் என்ற வரி முன்பே அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் 'வற்றும் பாறை' என்று சிவப்புப் பென்சிலில் எழுதி, தேதியும் போட்டிருந்தாள். நான் கையெழுத்துப் போட்ட வியாழக்கிழமைத் தேதி.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. நீ காட்டின அன்னிக்கே தெரியும்."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கையெழுத்துப் போடுவியா? இத எழுதுனாத்தான் போடுவேன்னு நீதானே சொன்னே. உன் காப்பியில மட்டும் இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

பஸ்ஸில் இத்தனை பேருக்கு நடுவில் அவளை அறைந்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. கரையில் இருக்கும் என் கையில் ஒரு திட்டம், கடலில் இருக்கும் அவள் கையில் வேறு திட்டம். நாளைக்கு அவளிடமிருந்து போன் வராவிட்டால் மீட்புப் படைக்கு நான் எந்த இடத்தைச் சொல்லியிருப்பேன்? அந்த ஆற்று வாயைத்தான். அங்கே போய்த் தேடுங்கள் என்றிருப்பேன். அவள் வேறெங்கோ இருந்திருப்பாள். இதை அவளிடம் சொன்னேன். கத்தவில்லை. அவள் ஸீட்டில் உட்கார்ந்துவிட்டாள். இதை அவள் யோசித்திருக்கவில்லை.

"ஹத்தி மேடம், இல்லாந்த்ரே இளீரி. டைம் ஆயித்து" என்றார் கண்டக்டர். வருகிறீர்களா, இறங்குகிறீர்களா என்றுதான் அவருக்குக் கேள்வி. ஐந்து நிமிடம் என்றேன் கன்னடத்தில். இரண்டு என்றார்.

"சரி. ஆத்து வாய் இல்ல. அப்ப முனையத் தாண்டுனா நாலு மணி நேரத்துக்கு என்ன வழி? அத எங்க எழுதியிருக்குது?"

அவள் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. என் தப்பை அடித்தவள், அந்த இடத்தில் இருந்த ஓட்டையை அப்படியே விட்டிருந்தாள். பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

"மத்தியானத்துக்கு மேல காத்து எந்தப் பக்கம் திரும்பும்?" என்று கேட்டேன்.

"வடமேற்கு. நேரா மூஞ்சிக்கு."

"அப்ப முனைய எத்தன மணிக்குத் தாண்டுனா வெளிச்சத்துல போய்ச் சேருவீங்க?"

மூன்று பேரும் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார்கள். முனை பதினெட்டாவது மைலில் இருந்தது. தோழிகளில் ஒருத்தி பதினொன்றரை என்றாள். மகள் பதினொன்று என்றாள். நான் பதினொன்றை எடுத்துக்கொண்டேன். பால் பாயிண்ட் பேனாவால், பஸ் படியில் நின்றுகொண்டு, மூன்று பிரதியிலும் என்னுடையதிலும் எழுதினேன்: பதினொரு மணிக்குள் முனையைத் தாண்டாவிட்டால் திரும்ப வேண்டும். எழுதிய இடத்தில் நானும் கையெழுத்துப் போட்டு அவளையும் போட வைத்தேன். கண்டக்டர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நிலப் பத்திரம் என்று நினைத்திருப்பார்.

இறங்கும்போது, "நீ போ. பத்திரமாப் போ சாமி" என்றேன். அவளும் ஏதோ சொன்னாள், பஸ் சத்தத்தில் கேட்கவில்லை.

சனிக்கிழமை பீரோவுக்கு மேலிருந்து மூலப் பிரதியை இறக்கி ஹாலில் விரித்தேன். மூன்று வாரத்தில் முதல் தடவையாக வண்ணத்தில் பார்த்தேன். ஆற்று வாயில் நகத்தளவுக்கு ஒரு பச்சை. குருடனுக்குக்கூடத் தெரியும் போல இருந்தது. போனைத் தாளின் மேலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஆறு மணிக்கு முதல் போன், கிளம்பிவிட்டார்கள். எட்டு மணிக்கு இரண்டாவது வட்டத்தில் இருக்க வேண்டும். எட்டு இருபத்தைந்துக்குத்தான் வந்தார்கள். காற்று குறைவு என்றாள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து மணிக்கு வந்த போனில் இன்னும் ஐந்தரை மைல் பாக்கி என்றாள். டிவைடரை எடுத்து எடுத்து வைத்தேன். எண்கள் மாறவில்லை.

பத்து ஐம்பத்திரண்டுக்கு அடித்தது.

"அம்மா, முனை கண்ணுக்கு நல்லாத் தெரியுது. ரெண்டே மைல். கடல் தட்டையா இருக்குது, படகு நல்லாப் போகுது. இன்னும் அரை மணி நேரம் போதும்மா."

அவள் குரலில் இருந்த ஆசை எனக்குத் தெரியும். வீட்டுக்காரரும் அன்றைக்கு லீவு, பக்கத்திலேயே இருந்தார். "ரெண்டு மைலுதானே, போவச் சொல்லும்மா" என்றார் மெதுவாக. எனக்கும் அதைத்தான் சொல்ல வேண்டும் போல இருந்தது. அவள் அந்த முனையைத் தாண்ட வேண்டும் என்று என் உடம்பு முழுக்கத் துடித்தது. இந்தப் பயணத்தை நிறுத்த ஒரு குற்றம் கிடைக்காதா என்று மூன்று வாரம் தேடியவள் நான்.

"என்ன மணி எழுதியிருக்குது?" என்று கேட்டேன்.

"பதினொண்ணு."

"அப்பறம் என்ன கேக்கறே?"

போனில் காற்று இரைந்தது. பாய் படபடத்தது. பிறகு அவள் குரல் வந்தது.

"ஆயித்தும்மா. திரும்பறோம்."

போனை வைத்துவிட்டு அழுதேன். பயம் தீர்ந்த அழுகை இல்லை அது, ஏமாற்றம். அவர்கள் மத்தியானம் மூன்று மணிக்குள் புறப்பட்ட துறைமுகத்துக்கே பத்திரமாக வந்து சேர்ந்தார்கள். அன்று மாலை காற்று ஒன்றும் பெரிதாக ஏறவில்லை. போயிருந்தால் ஒருவேளை போய்ச் சேர்ந்திருப்பார்கள். நான் இதை அவளிடம் சொல்லவில்லை, அவளே சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். மூக்கும் கன்னமும் வெயிலில் உரிந்திருந்தன. குளித்துவிட்டு வந்து, நான் தட்டில் போட்ட தோசையைச் சாப்பிட்டாள். மூன்றாவது தோசையில் நிறுத்தினாள்.

"நேத்தப் பத்தி ஒண்ணு சொல்லட்டுமா? நீ போகச் சொல்லுவேன்னு நெனச்சுத்தாம்மா போன் பண்ணேன்."

தோசைக்கல்லில் மாவை ஊற்றிவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"நானும் சொல்லத்தான் நெனச்சேன்."

அவள் பிறகு எழுந்து கை கழுவிவிட்டு, அவளுடைய பிரதியைப் பிளாஸ்டிக் உறையோடு கொண்டுவந்து என் பிரதிக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் வரி வரியாக ஒத்துப் பார்த்தோம். ஆற்று வாய் வரியை என்னுடையதிலும் அடித்து, 'வற்றும் பாறை' என்று எழுதி, கண்டுபிடித்தவர் என்று அவள் பெயரைப் போட்டேன். பதினொரு மணி என்ற வரிக்குப் பக்கத்தில், திரும்பிய நேரம் பத்து ஐம்பத்தைந்து என்று அவள் எழுதினாள்.

அடுத்த முறை பிப்ரவரியில், காற்று நன்றாக இருக்கும் வாரமாகப் பார்த்துக் கிளம்புவதாக முடிவு செய்தோம். புது ஜெராக்ஸ் எடுக்க நானே போனேன். கடைக்காரர் வழக்கம்போலக் கருப்பு வெள்ளைதானே மேடம் என்றார். இல்லை, கலர் என்றேன்.